ஒற்றை வளையமும் ஒரு தோளும்: வளையப் பயிற்சியின் ஒரு கைத் திறன்கள், காஞ்சிபுரத்து உழைப்பு மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஜிம்னாஸ்டிக்ஸ் கருவிகளில் வளையம் மட்டுமே பற்றியவனோடு சேர்ந்து அசைவது. கிடைக்கம்பியும் இணைக்கம்பியும் தரையில் ஊன்றியவை. உடல் தடுமாறினாலும் அவை இடம் பெயர்வதில்லை. வளையத்தின் உள்விட்டம் 18 செ.மீ., கனம் 2.8 செ.மீ. போட்டிக் களத்தில் அது தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரத்தில் தொங்கும். இரண்டு வளையங்களும் தொங்கும் புள்ளிகளுக்கு இடையே 50 செ.மீ. இடைவெளி. கயிறும் பட்டையும் எந்தத் திசையிலும் விலகும், முறுக்கும். இதில் இரு கைகளால் நிலைகொள்வதே ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய வேலை. அதில் ஒரு கையை விட்டுவிட்டு மீதிக் கையில் முழு உடலையும் தூக்கவும் கிடைமட்டமாக நிறுத்தவும் முயல்வோர் உண்டு. அந்த முயற்சிகளே இக்கட்டுரையின் பொருள்.

இங்கே நிறுவ முயலும் கருத்து ஒன்றுதான். ஒரு கைத் திறனில் பெரும்பாலோர் தோற்பது புஜ பலம் போதாமையால் அன்று. உடல் சுழல்வதைத் தடுக்க நடுவுடல் பழகாததும், தசையின் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காததும்தான் காரணங்கள். இதைப் பேசக் காஞ்சிபுரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பட்டுத்தறியும் கோயில் வாகனமும் இந்த ஊரின் உடல்களைத் தலைமுறைகளாக வடித்தவை. இரண்டிலும் உழைப்பு உடலின் இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. அந்த உடலை வளையத்தின் கீழ் நிறுத்தினால் அது எதைக் கொண்டுவரும், எது அதில் குறையும் என்று பார்ப்பது பயனுள்ள ஆய்வு.

2. வரலாற்றுப் பின்புலம்

2.1 வளையம்

வளையப் பயிற்சி 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடற்பயிற்சி இயக்கத்தில் உருப்பெற்றது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே அது போட்டியாக இருந்தது. கிரேக்கத்தின் இயோனிஸ் மித்ரோபுலோஸ் வென்றார். கைகளைப் பக்கவாட்டில் விரித்து உடலை நிமிர்த்தி நிறுத்தும் சிலுவை நிலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஆர்மீனியாவின் ஆல்பர்ட் அசார்யன். சோவியத் அணிக்காக 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் வளையத்தில் தங்கம் வென்றார். வலிமை நிலை ஒவ்வொன்றையும் குறைந்தது 2 விநாடி அசையாமல் காட்ட வேண்டும் என்பது இன்றைய போட்டி விதி. போட்டிக்குரிய வலிமை நிலைகள் இரு கைகளுக்கானவை.

ஒரு கைத் திறன் வளர்ந்த இடம் சர்க்கஸ் கூடாரம். அதில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் லில்லியன் லைட்செல். ஐந்தடி உயரமும் இல்லாத இப்பெண், கூடார உச்சியில் தொங்கிய ஒற்றைக் கயிற்று வளையத்தில் ஒரு கையை நுழைத்து, தன் உடலைத் தோளுக்கு மேலாகத் தூக்கித் தூக்கிச் சுழற்றுவார். கூட்டம் உரக்க எண்ணும். எண்ணிக்கை பல நாட்களில் நூறைத் தாண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் அவருடைய தோள் மூட்டு சற்று விலகி மறுபடி பொருந்தியது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். 1931 பிப்ரவரி 13 அன்று கோபன்ஹேகனில் வளையத்தைத் தாங்கிய உலோகச் சுழல்கொக்கி முறிந்து கீழே விழுந்தார். இரண்டு நாளில் இறந்தார். அவருடைய தோளும் கைப்பிடியும் அன்று தவறவில்லை, இரும்புதான் களைத்துப்போயிருந்தது. இதை ஏழாம் பகுதியில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

2.2 மல்லர் கம்பம்

நம்மிடம் வளையத்துக்கு நெருங்கிய உறவு மல்லர் கம்பம். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் மல்லர்களின் பயிற்சியைச் சொல்லும் இடத்தில் தூணையும் குறிக்கிறது. இன்றைய வடிவத்துக்கு உயிர் கொடுத்தவர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்து ஆசான் பாலம்பட்ட தாதா தேவ்தர். தமிழ்நாட்டில் விழுப்புரம் வட்டாரம் இதன் முக்கியக் களம். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டிலும் மல்லர் கம்பம் இடம்பெற்றது.

காஞ்சியைப் பற்றிப் பேசுகையில், பல்லவர் காலத்திலேயே இங்கே மல்லர் கம்பம் இருந்தது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம் மாமல்லன்; வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன் பல்லவமல்லன். மல்லை மதித்த அரச மரபு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டப்பெயரை வைத்து ஒரு பயிற்சிக் கருவி இருந்ததாக நிறுவ முடியாது. இந்த ஊருக்குப் பெருமை சேர்க்க ஆதாரம் மீறிய கூற்று தேவையுமில்லை.

மல்லர் கம்பத்தில் மூன்று வகை: ஊன்றியது, தொங்குவது, கயிறு. நம் ஆய்வுக்கு வேண்டியது தொங்கும் கம்பம். அது சங்கிலியில் தொங்கும், அடிப்புறம் தரையைத் தொடாது, ஏறியவனோடு சேர்ந்து ஆடும், சுழலும். சுழலும் பிடியில் உடலை அடக்கக் கற்பது என்ற வகையில் அதுவும் ஒற்றை வளையமும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. ஒரு வேறுபாடு பெரியது. கம்பத்தில் தொடையும் கணுக்காலும் பிடித்துக்கொள்ளும். வளையத்தில் அந்த உதவி கிடையாது.

3. ஒற்றை வளையத்தின் இயக்கவியல்

3.1 கையை விட்ட கணம்

இரு வளையங்களில் தொங்கிக்கொண்டிருப்பவர் இடக்கையை விடுகிறார் என்று கொள்வோம். முதலில் உடல் பக்கவாட்டில் ஆடி, ஈர்ப்பு மையம் வலக்கைக்கு நேர் கீழே வந்து நிற்கப் பார்க்கும். அந்த ஆட்டம் அடங்குவதற்குள் சுழற்சி தொடங்கிவிடும். பட்டைக்கு முறுக்கைத் தடுக்கும் பலம் ஏறக்குறைய இல்லை. ஆகவே மார்பு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். சுண்டுவிரல்தான் முதலில் தளரும், அடுத்து மோதிர விரல். தோள்பட்டை காதை நோக்கி ஏறும். முழுச் சுமையையும் மூட்டைச் சுற்றிய நார்களே தாங்கும். இப்படித் தொங்குவது ஓய்வுத் தொங்கல். தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்து, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடம் விட்டு, சுழற்சியை நிறுத்தித் தொங்குவதே வேலை செய்யும் தொங்கல். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கைத் திறன் அனைத்தும் இரண்டாவதிலிருந்துதான் தொடங்குகின்றன.

3.2 எது இயலும், எது இயலாது

தொங்கும் வளையம் உடலைக் கயிற்றின் திசையில் மட்டுமே இழுக்க முடியும். அசையாமல் நிற்க வேண்டுமானால் ஈர்ப்பு மையம் பிடிக்கு நேர் கீழே இருந்தாக வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே திறன்களைத் தரம் பிரித்துவிடலாம். சிலுவை நிலையை ஒற்றை வளையத்தில் ஒரு கையால் நிறுத்த முடியாது. கை கிடைமட்டமாக நீண்டால் உடல் பிடிக்கு நேர் கீழே இருக்காது. உடனே கயிறு ஆடி உடலைத் தன் கீழே கொண்டுவந்துவிடும். இங்கே எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை. ஊன்றிய கம்பத்தைப் பற்றிக் கொடிபோல் பக்கவாட்டில் நீளும் நிலைக்கும் இதே கதிதான். இயல்பவை இவை: ஒரு கைத் தொங்கல், முழங்கையை மடக்கிய நிலையில் நிறுத்தல், ஒரு கைப் புல்லப்ஸ், முகம் மேல் நோக்கிக் கிடையாக நிற்கும் ஃப்ரன்ட் லீவர், முகம் கீழ் நோக்கும் பேக் லீவர், இவற்றுக்கெல்லாம் மேலே மிக அரிதாக, தொங்கலிலிருந்து இழுத்து வளையத்துக்கு மேலே ஏறி ஊன்றும் ஒரு கை மசில் அப். முடியாததன் பின்னால் மாதக்கணக்கில் ஓடும் இளைஞர்களைத் தடுக்க இந்த இயற்பியலைப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

3.3 ஃப்ரன்ட் லீவர்: ஒரு கணக்கு

60 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்வோம். உடல் கிடையாக நிற்கும்போது தோள் மூட்டுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே கிடைமட்டத் தூரம் தோராயமாக 45 செ.மீ. கையின் எடையைத் தனியாகக் கழிக்காமல் கணக்கிட்டால், தோள் தாங்க வேண்டிய திருப்புவிசை 60 × 9.8 × 0.45, அதாவது ஏறக்குறைய 265 நியூட்டன் மீட்டர். இரு கைகளில் என்றால் தோளுக்கு 132. ஒரு கையில் முழுவதும் ஒரே தோளில்.

இப்போது முழங்கால்களை மார்போடு மடக்கினால் அந்தத் தூரம் 25 செ.மீ. அளவுக்குக் குறையும். திருப்புவிசை சுமார் 147. ஆக, இரு கைகளில் உடலை முழுதாக நீட்டி நிறுத்துபவர், ஒரு கையில் கால் மடக்கிய நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். அதற்கு முன் ஒரு கையில் தொங்கி முயல்வது வீண். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். நீண்ட காலுடையவருக்குக் கூடும். ஆனால் வரிசை மாறாது.

இந்தக் கணக்கு பாதிக் கதைதான். தோள் மூட்டு உடலின் நடுக்கோட்டிலிருந்து 18 செ.மீ. அளவு தள்ளி இருக்கிறது. ஒரு தோள் மட்டும் தாங்கும்போது, தாங்கல் இல்லாத பக்கம் தரையை நோக்கிச் சரியும். உடல் தன் நீள அச்சில் உருளப் பார்க்கும். இதைத் தடுக்கக் கை மார்புக்குக் குறுக்கே வந்து நடுக்கோட்டின் மேல் நிற்க வேண்டும். வயிற்றின் சாய்தசைகள் இடுப்பைத் தோளோடு பூட்ட வேண்டும். தோள்பட்டையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் உள்சுழல் தசை விடாமல் இழுக்க வேண்டும். இந்த உருளலை எதிர்க்கும் பலத்தை எந்த இரு கைப் பயிற்சியும் தருவதில்லை. இருபது புல்லப்ஸ் எளிதாக எடுப்பவரும் ஒரு கை லீவரில் கவிழ்ந்துபோவதன் காரணம் இதுவே.

3.4 கம்பியைவிட வளையம் மேலானது ஓரிடத்தில்

கம்பியில் ஒரு கையால் இழுக்கும்போது முன்கை ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்கும். முறுக்கு முழுவதும் முழங்கைக்குப் போகும். வளையம் கையோடு திரும்புவதால் முன்கை தனக்கு ஏற்ற கோணத்தைத் தானே தேடிக்கொள்கிறது. ஒரு கைப் புல்லப்ஸ் கற்க வளையத்தையே நான் பரிந்துரைப்பேன்.

4. காஞ்சியின் தோள்கள்

4.1 தறியில்

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலையில் ஊடை இழையைச் சுமந்து மூன்று நாடாக்கள் ஓடும். இரண்டை நெசவாளர் கையாள்வார், எதிர்க் கரையின் நாடாவை அருகில் அமர்ந்த துணையாள் கொடுப்பார். ஒவ்வோர் ஊடைக்கும் உடல் நிறத்து இழையும் கரை நிறத்து இழையும் ஒன்றோடொன்று கோத்துத் திரும்ப வேண்டும். ஒரு கை நாடாவை விட, மறுகை பலகையை இழுத்து அடிக்கும். கைகள் எப்போதும் உடலுக்கு முன்னால். முழங்கை மடங்கியே இருக்கும். முதுகு முன்னோக்கிக் குனிந்திருக்கும்.

பல ஆண்டு இப்படி அமர்ந்த உடலில் விரல்களும் முன்கையும் சளைக்காதவை. நாடாவைப் பிடிக்கும் விரல்களின் நுண்கட்டுப்பாட்டை எந்த ஜிம்மும் கற்றுத்தராது. ஆனால் தோள்கள் முன்னால் உருண்டிருக்கும், மார்புத் தசை குறுகியிருக்கும். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கச் சொன்னால் பலரால் இடுப்பை வளைக்காமல் முடியாது. அந்தத் தோளோடு ஒற்றை வளையத்தில் தொங்குவது மூட்டைக் கெடுக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பாடம் தொங்கல் ஆகாது. சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை மேலே நகர்த்தும் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

4.2 வாகனத்தின் தண்டில்

வைகாசிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளும்போது, சுமையைத் தாங்குபவர்கள் ஸ்ரீபாதந்தாங்கிகள். தண்டு ஒரு தோளில். முன்னும் பின்னும் வரிசையாக நிற்பவர்கள் ஒரே சீராக அடி வைக்கிறார்கள். தோள் மாற்றும் நேரத்திலும் வாகனம் குலுங்கக் கூடாது. தண்டு அழுந்தும் இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருக்கும்.

இவர்களுடைய வலிமை வளையத்துக்கு நேராக மாறும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் மாறும். தண்டு தோளை அமுக்குகிறது. வளையம் தோளை இழுக்கிறது. அமுக்கத்துக்குப் பழகிய மூட்டு இழுவைக்குப் பழகியது ஆகாது. மாறுவது நடுவுடலின் வேலை. வலத்தோளில் சுமை இருக்கும்போது உடல் வலப்பக்கம் ஒடிந்துவிடாமல் இடுப்பின் இடப்பக்கத் தசைகள் பிடித்து நிறுத்துகின்றன. நடந்துகொண்டே, மூச்சு விட்டுக்கொண்டே, மணிக்கணக்கில். 3.3இல் சொன்ன உருளலை எதிர்க்கும் பலத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு தோளில் மணல் மூட்டையைச் சுமந்து நடப்பதை வளையப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற என் முடிவு இதிலிருந்து வந்தது.

5. தசைநாணின் காலம்

தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணுக்கு இரத்தம் குறைவு. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்தான் மாறுகிறது. அதன் கட்டமைப்பு முறுக்கேற்றிய பட்டிழையைப் போன்றது: நுண்ணிய புரத இழைகள் கற்றையாகி, கற்றைகள் மேலும் பெரிய கற்றைகளாகின்றன. பட்டின் ஃபைப்ராயினிலும் தசைநாணின் கொலாஜனிலும் அதிகம் உள்ள அமினோ அமிலம் கிளைசின் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒற்றை இழை எவ்வளவு நைந்தது என்பது அறுந்த பிறகுதான் தெரியும்.

இத்தாலியின் யூரி கெக்கி 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வளையத்தில் தங்கம் வென்றவர். 2000இல் அவருடைய இடக்கையின் பைசெப்ஸ் தசைநாண் கிழிந்தது. சிட்னிக்குப் போக முடியவில்லை. உலகின் தலைசிறந்த வளைய வீரருக்கே இது நேர்ந்தது. மீண்டு வந்து 2004இல் ஏதென்ஸில், 34 வயதில், வெண்கலம் வென்றார். அந்த மீட்சிக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஒரு கை முயற்சிகளில் ஆபத்தான இடங்கள் இரண்டு. முழங்கையின் உட்புற எலும்பு முனை: ஒரு கைப் புல்லப்ஸை அவசரமாகக் கூட்டுபவர்களுக்கு வலி முதலில் இங்கே வரும். காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சுருக்கென்று குத்தினால் அது எச்சரிக்கை. மற்றது முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் சேரும் இடம். உள்ளங்கை வெளியே திரும்பியபடி கையை நீட்டி நிற்கும் பேக் லீவரில் இதன் மேல் வரும் இழுவை கடுமையானது. நெசவாளருக்குச் சுமை இரட்டிப்பாகிறது. பகல் முழுவதும் அதே முன்கைத் தசைகள் நாடாவோடும் பலகையோடும் வேலை செய்திருக்கும். கடினப் பயிற்சியை, பழைய பாவின் இழைகளோடு புதிய பாவை முறுக்கிச் சேர்ப்பதற்காகத் தறி நிற்கும் நாட்களில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரே வார்த்தை. எலும்பின் வளர்தட்டு மூடாத வயதில் ஒரு கைச் சுமை வேண்டாம்.

6. பயிற்சி ஒழுங்கு

ஒரு கை முயற்சியைத் தொடங்கும் தகுதியாக நான் வைப்பவை: வளையத்தில் ஆடாமல் 12 முழுப் புல்லப்ஸ், இரு கை முழு ஃப்ரன்ட் லீவர் 5 விநாடி, ஒவ்வொரு கையிலும் தோளைக் கீழே இழுத்துச் சுழலாமல் 20 விநாடி தொங்கல். இந்த மூன்றும் சேர இரண்டு ஆண்டுகள் ஆகலாம்; ஆகட்டும்.

அதன்பின் முதல் வேலை, சுமையைக் குறைத்து ஒரு கையைப் பழக்குவது. பலர் ரப்பர் பட்டையை நாடுகிறார்கள். அது கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் தூக்குவதால் எவ்வளவு உதவி கிடைத்தது என்று அளக்க முடியாது. கிணற்றுக் கப்பி ஒன்று போதும். வளையத்துக்கு அருகே உத்தரத்தில் கப்பியைத் தொங்கவிட்டு, கயிற்றின் ஒரு முனையை இடுப்பு வாரில் கட்டி, மறுமுனையில் அளந்த மணல் பையைத் தொங்கவிட்டால், 60 கிலோ உடலில் 20 கிலோ எப்போதும் சீராகக் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ மணலை எடுத்துவிடலாம். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆசையில் தாவவும் முடியாது.

மேலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சி அடுத்தது. இரு கைகளால் மேலே போய், ஒரு கையை விட்டு, ஆறேழு விநாடியில் இறங்க வேண்டும். இது வேகமாகப் பலன் தரும், வேகமாகக் காயமும் தரும். வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். லீவருக்குக் கால் மடக்கிய நிலை, ஒரு கால் நீட்டிய நிலை, கால்களை அகட்டிய நிலை என்று போகலாம். ஒவ்வொரு நிலையிலும் விட்ட கையின் விரல் நுனியால் மறு வளையத்தின் பட்டையைத் தொட்டு உருளலைத் தடுக்கக் கற்று, பிறகு அந்த விரலையும் எடுக்கலாம். பலவீனமான கையில்தான் எப்போதும் தொடங்க வேண்டும். அது செய்யும் எண்ணிக்கைதான் பலமான கைக்கும் எல்லை. ஒரு பக்கமாக வளர்ந்த உழைப்பாளி உடலுக்கு இது இன்றியமையாதது.

7. கருவியும் காப்பும்

லைட்செலின் சாவு கற்பிப்பது இதுதான்: ஒற்றை வளையத்தில் ஒரே கொக்கி முழு உடலையும், ஆட்டத்தின்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசையையும் தாங்குகிறது. உலோகம் திரும்பத் திரும்ப வளைந்தும் முறுக்கியும் களைக்கும். வெளியே தெரியாத விரிசல் உள்ளே வளரும். வேப்ப மரக் கிளையிலோ பழைய வீட்டு உத்தரத்திலோ வளையம் கட்டுபவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், கொக்கியைப் பார்ப்பதில்லை. சுமைத் திறன் பொறித்த கொக்கிகள் மட்டுமே பயன்பட வேண்டும். தேய்மானம் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். பட்டையின் தையலை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் மரத்தில் இருப்பது நல்லது. வியர்வையை உறிஞ்சும், பிடி நழுவாது. கீழே மெத்தை, இல்லையேல் பொலபொலப்பான மணல்.

8. பரிந்துரை

ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. அங்கிருந்து காஞ்சிபுரம் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தத் தொலைவுக்குள் இருக்கும் பள்ளிகளில் கால்பந்துக் கம்பங்கள் இருக்கின்றன, கபடித் தளங்கள் இருக்கின்றன. தொங்கும் வளையத்தை மாணவர்கள் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள். ஒரு ஜோடி மர வளையம், நல்ல கொக்கி, கப்பி, மணல் பை ஆகியவற்றின் செலவு ஒரு பள்ளிக்குப் பெரிதல்ல. மல்லர் கம்பம் ஊன்றும் பள்ளிகள் அதன் அருகிலேயே வளையத்தையும் தொங்கவிடலாம். கம்பத்தில் கற்ற சுழற்சிக் கட்டுப்பாடு அங்கே உடனே பயன்படும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நெசவுத் தெருவிலிருந்து வரும் பிள்ளையின் தோள் தலைக்கு மேல் முழுதாக உயர்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், உயராவிட்டால் தொங்கவிடாதீர்கள். இரு கைகளில் முழு ஃப்ரன்ட் லீவர் நிற்காத எவரையும், அவர் எவ்வளவு கெஞ்சினாலும், ஒரு கையில் முயல அனுமதிக்காதீர்கள்.